ஓவர்ஃப்ளோ குழாயின் மறுமுனை

1. ஆறாம் நாள் கிடைத்த பதவி

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். கோவில்பட்டிக்குத் தெற்கே, மணியாச்சி போகும் ரயில் பாதையை ஒட்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் எங்கள் உறைவிடப் பள்ளி. முந்நூறு பையன்கள், மாதா சிலை வைத்த ஒரு கெபி, ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றிலும் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை நிழல் கிடையாது. கோடையில் நிலம் ஒரு அடி ஸ்கேலை முழுதாக விழுங்கும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். ஆடியில் காற்று அந்த மண்ணை எடுத்து வந்து கரும்பலகையில் நான் எழுதிய நியூட்டன் விதிகளின் மேல் தூவும்.

நான் மதுரைக்கு வடக்கே பிறந்தவன். இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்து ஆறாவது நாள், பள்ளித் தாளாளர் ஃபாதர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் மின்வாரியத்தின் கடிதம். மின்சாரத் தட்டுப்பாடு, போன வருஷம் எரித்ததில் நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும், மூன்று மாதத்தில் குறையாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

"நீங்க பிசிக்ஸ்தான?" என்றார் ஃபாதர்.

"ஆமா ஃபாதர்."

"கரண்டு உங்க பாடத்துலதான வருது. நீங்களே பாத்துக்கிடுங்க."

"குறையலைன்னா?"

"சாயங்காலப் படிப்ப நிறுத்திட வேண்டியதுதான். ஆறரைக்கு ஜெபம், ஏழுக்குச் சாப்பாடு, அதோட எல்லாரும் படுக்க வேண்டியதுதான். வேற என்னத்த நிறுத்தச் சொல்லுதீங்க?"

அந்தப் பையன்களில் பாதிப் பேர் வீட்டில் அன்று கரண்டு கிடையாது. சாயங்காலம் ஏழரை முதல் ஒன்பதரை வரை வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே அவர்களை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் போனால் பரீட்சையும் போனது. அதைக் காப்பாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. கூடவே ஒரு நீள ரெஜிஸ்டர். அட்டையில் ஃபாதர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: மின் சிக்கனப் பதிவேடு.

2. பல்புகளோடு ஒரு மாதம்

எல்லாரும் செய்கிற தப்பையே நானும் முதலில் செய்தேன். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தோடு மல்லுக்கு நின்றேன்.

வராண்டாவில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பல்பைக் கழற்றினேன். கழற்றிய பல்புகள் ஸ்டோர் ரூமுக்கு வந்து சேருமுன் பாதி காணாமல் போயின. எந்தப் பல்பு எந்த அறையுடையது என்று தெரிய சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டேன். பல்பு சூடேறியதும் பெயிண்ட் கருகி, படிப்புக் கூடம் முழுக்க ஒரு நாற்றம். முந்நூறு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வரலாறு படித்தார்கள். ஆசிரியர் அறை மின்விசிறியை நிறுத்தினேன். கணக்கு ஆசிரியர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் பேசாததை மட்டும் சேமிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

பிளேடு ஹீட்டர் தனிக் கதை. இரண்டு சவர பிளேடுகள், நடுவில் இரண்டு தீக்குச்சி, நூலால் ஒரு கட்டு, பிளேடுக்கு ஒரு வயர். டம்ளர் தண்ணீரில் போட்டு பிளக்கில் செருகினால் மூன்று நிமிடத்தில் முட்டை அவியும். பெரும்பாலான பையன்கள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், குச்சி அடுக்குகிறவர்கள். மருந்து முக்காத வெறுங்குச்சியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் ஒன்றைப் பிடுங்கினால் சாயங்காலத்துக்குள் இன்னொன்று தயார்.

"ஏலே, இது ஆளக் கொல்லும்லே," என்று ஒருவனைப் பிடித்துச் சொன்னேன். இந்த ஊர்ப் பேச்சு எனக்கு ஒட்ட ஆரம்பித்திருந்தது.

"நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க, தண்ணி வழியா கரண்டு போனா சூடாகும்னு," என்றான். வகுப்பில் அவன் கவனித்த ஒரே பாடம் அதுதான்.

மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்தேன். குறைந்திருந்தது, ஆனால் ஒரு பூனை நக்கிக் குடித்த அளவுக்கு. மீட்டருக்குள் அந்த அலுமினியத் தட்டு, ஓரத்தில் கறுப்புக் கோடோடு, என்னைப் பார்த்துச் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

3. மோட்டார் ரூம்

காலை ஏழு மணிக்கு ஒருமுறை தற்செயலாக மீட்டர்ப் பெட்டியைத் திறந்தேன். சாவகாசமாகச் சுற்றும் அதே தட்டு கிறுகிறுவென்று ஓடியது. ஒரு விளக்கும் எரியாத நேரம். நின்று காது கொடுத்தேன். கிணற்றுப் பக்கமிருந்து மோட்டார் சத்தம்.

ஏழரை குதிரைச் சக்தி மோட்டார். அறுபது வாட் பல்பு தொண்ணூறை ஒன்றாக எரிப்பதற்குச் சமம். ஒரு மாதம் முழுக்க ஏணியைத் தூக்கிக்கொண்டு வராண்டா வராண்டாவாக நான் அலைந்தபோது, அது பாட்டுக்கு ஒரு மூலையில் தினம் நாலு மணி நேரம் ஓடியிருக்கிறது.

மோட்டாரைப் பார்த்துக்கொண்டவர் சூசை அண்ணாச்சி. வயரிங், பம்பு, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்டு அன்று விடிகாலை நாலு முதல் எட்டு வரைதான் வரும். நாலுக்கு மோட்டாரைப் போடுவார். ஏழேகாலுக்கு மேல்நிலைத் தொட்டி நிறையும். ஆனால் எட்டு மணிக்குக் கரண்டு போகும்வரை மோட்டாரை நிறுத்த மாட்டார்.

"அண்ணாச்சி, தொட்டி நிறைஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வழிஞ்சா தெரியும் சார்."

"வழிஞ்ச பிறகும் முக்கால் மணி நேரம் ஓடுதே?"

"நல்லா நெறயட்டும்னுதான்."

"நிறைஞ்ச தொட்டி இன்னும் எப்படி நல்லா நிறையும்?"

"அது நெறயும் சார்," என்றார். எண்ணெய்த் துணியால் ஸ்டார்ட்டர் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கனவே பளபளவென்று இருந்தது.

வழியும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து ஓவர்ஃப்ளோ குழாய் இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் போய் மறைந்தது. எனக்குக் காரணம் உடனே விளங்கியது. கரிசல் மண் ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். தொட்டிக்கடியில் தண்ணீர் தேங்கினால் அஸ்திவாரம் ஆடிவிடும். ஆகவே கட்டியவர்கள் அதைச் சுவருக்கு வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள். நல்ல வேலை என்று மெச்சிக்கொண்டேன். வெளியே என்றால் எங்கே என்று கேட்டுக்கொள்ளவில்லை. வெளியே என்றால் காடு. காட்டில் விழுகிற தண்ணீர் வீண். எனக்கு அது போதுமாக இருந்தது.

4. டப்பா

ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவை ஈயம் பற்றவைத்துக் காற்றுப் புகாமல் அடைத்தேன். லேபில் இருந்து ஒரு கப்பி, அரைக்கிலோ எடைக்கல், நைலான் கயிறு. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற டப்பா மிதந்து ஏறும். கயிற்றின் மறுபக்கம் எடைக்கல் இறங்கும். தொட்டி நிறையும்போது கல் ஒரு சுவிட்சை அழுத்தும். மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் போகும் வயர் அறுந்த மாதிரி ஆகி மோட்டார் தானாக நிற்கும்.

சூசை அண்ணாச்சியிடம் முதலில் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா வேண்டாம்."

"ஏன்?"

"நான்தான் இருக்கேன்ல."

வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். மோட்டாரைப் போட ஆள் வேண்டும், மணி அடிக்க ஆள் வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன்.  அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரி, உங்க இஷ்டம்," என்று முடித்துக்கொண்டார். இந்தச் சீமையில் ஒரு மனிதனிடம் நேரான பதில் வாங்குவதற்குள் ஒரு கல்லில் இருந்து எண்ணெய் எடுத்துவிடலாம் என்று அன்று டைரியில் எழுதினேன்.

மறுநாள் காலை அசெம்பிளியில் வாளி, டப்பா, ஒரு பல்பு வைத்துச் செய்து காட்டினேன். வாளி நிறைந்தது, பல்பு அணைந்தது. முந்நூறு பேர் கைதட்டினார்கள். கணக்கு ஆசிரியர்கூடத் தட்டினார். ஃபாதர் மட்டும் தட்டவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தொட்டியில் மாட்டலாமா ஃபாதர்?" என்று மைக்கில் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையாட்டினார்.

டப்பாவைத் தொட்டியில் மாட்டினேன். ஏழேகாலுக்கு மோட்டார் நின்றது. அந்த முக்கால் மணி நேர அமைதியை நான் உண்டாக்கினேன் என்று நாலு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

5. வேன்

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு, லேபுக்குச் சாமான் வாங்க கோவில்பட்டி பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றேன். தீப்பெட்டி ஆபீஸ் வேன் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்குப் பின்புறத்து ஊரில் இருந்து முப்பது, நாற்பது பெண்கள் தினம் அதில் வேலைக்குப் போவார்கள். அன்று வேனுக்குள் எட்டுப் பேர்தான்.

ரயில்வே கேட் பக்கமிருந்து ஒரு வரிசை வந்தது. இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்று குடங்கள். தண்ணீர் தளும்பிச் சேலையெல்லாம் நனைந்து, ஓட்டமும் நடையுமாக. டிரைவர் கடைசி ஹாரன் அடித்தான். வேன் கிளம்பியது. எழுந்த புழுதி அடங்கும்வரை அவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு நாள் கூலி அந்தப் புழுதியோடு போனது.

முன்னால் வந்த அம்மாள் குடத்தை இறக்கினாள். பேச்சியம்மாள். அவள் மகன் எங்களிடம் எட்டாம் வகுப்பு. அதனால் என்னைத் தெரியும்.

"என்னம்மா, இவ்வளவு தூரம் தண்ணிக்குப் போறீங்க?"

"எங்கூர்க் கெணறு உப்பு சார். வாயில வைக்க முடியாது. கேட்டுக்கு அங்கிட்டு ஒரு தோட்டக் கெணறு, ரெண்டு மைலு. அவியளும் நெனச்சாத்தான் விடுவாவ."

"இத்தனை நாளா எங்க எடுத்தீங்க?"

அவள் பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, சார் கேக்காவ பாரு." பிறகு என்னிடம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்: "உங்க ஸ்கூல் செவத்துக்குப் பின்னால ஒரு கொழா உண்டும் சார். ஏழேகாலுல இருந்து எட்டு வரைக்கும் நல்ல தண்ணி கொட்டும். பிடிச்சு வச்சிட்டு வேன் ஏறிருவோம். இப்பம் எவனோ ஒரு வாத்தியான் ஒரு டப்பாவக் கட்டித் தொங்க விட்டிருக்கானாம்லா. படிச்சவன்தான், என்ன செய்ய. நீங்க அவனக் கண்டா நாங்க கேட்டோம்னு சொல்லுங்க சார்."

பின்னால் நின்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்குத் தெரியும். அத்தனை பேருக்கும் தெரியும்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே பின்பக்கம் நடந்தேன். ஐந்து நிமிட நடை. குழாய் வாய்க்குக் கீழே கல் பாவி, சுற்றி ஒரு சின்னத் திட்டுக் கட்டி, தண்ணீர் மண்ணில் இறங்காமல் பார்த்துச் செய்திருந்தார்கள். அங்கே நாற்பது குடங்கள் ஒன்றின்பின் ஒன்றாக வரிசையில் இருந்தன. பக்கத்தில் ஆள் இல்லை. ஐந்து நாளாகியும் முறை போய்விடக் கூடாதென்று வைத்துவிட்டுப் போன குடங்கள். குழாயின் வாய் காய்ந்து, அதில் ஒரு குளவி கூடு கட்டத் தொடங்கியிருந்தது.

6. கேட் வால்வு

நேரே மோட்டார் ரூமுக்குப் போனேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

"வேண்டாம்னு சொன்னேன்லா சார்."

"ஏன் வேண்டாம்னு சொல்லலையே."

"சொன்னா நீங்க ஃபாதர்ட்ட கேப்பீங்க. ஃபாதர் என்ன சொல்லுவாவ? பள்ளிக்கூடத்துக் கரண்டுல ஊருக்குத் தண்ணி எறைக்கலாமான்னு நாலு பேரு கேப்பாவ. வழியுதுன்னா வழியுது. அத யாரு கேக்கப்போறா?"

ஃபாதரிடம் போனேன். அவர் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தக் குழாய் எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா ஃபாதர்?"

"எந்தக் குழாய்?" என்றார். பிறகு மைக்கூட்டை மூடினார். "தெரியும். நான் இங்க வாரதுக்கு முன்னாலயே இருக்கு."

"அப்ப ஏன் மாட்டச் சொன்னீங்க?"

"நீங்க மைக்கில கேட்டீங்க. முந்நூறு பையங்க முன்னால. வேண்டாம்னா காரணம் சொல்லணும். காரணம் சொன்னா ஸ்கூல் கமிட்டி கேக்கும். கமிட்டி கேட்டா எழுதிக் குடுக்கணும். எழுதிட்டா நிறுத்தணும். உங்கள யாரு மைக்கில கேக்கச் சொன்னா?"

எனக்கு வந்த எரிச்சலை எந்த யூனிட்டில் அளப்பது என்று தெரியவில்லை. ஃபாதருக்குத் தெரியும், சூசைக்குத் தெரியும், எட்டாம் வகுப்புப் பையன்களுக்குத் தெரியும். கைதட்டிய முந்நூறு பேரில் எத்தனை பேர் வீட்டுக் குடம் அந்த வரிசையில் நின்றதோ. ஒரு பயல் சொல்லவில்லை. சாரிடம் சொல்லக் கூடாது என்ற மரியாதையாம்.

டப்பாவைக் கழற்றினால் தண்ணீர் வரும், கரண்டு குறையாது. சாயங்காலப் படிப்பு போகும். மாட்டினால் படிப்பு இருக்கும், அந்தப் பையன்களின் அம்மாமார் வேனைத் தவறவிடுவார்கள். மூன்று மாதத்தில் ஒரு மாதமும் சில வாரமும்தான் மிச்சம். மோட்டார் ரூமில் உட்கார்ந்து, தெரிந்த கணக்கை எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் இடித்தது. அந்தத் தொட்டிக்கு, அந்த மோட்டாருக்கு, மூன்றேகால் மணி நேரம் ஆகக் கூடாது. இரண்டு மணி நேரம் போதும்.

"அண்ணாச்சி, தண்ணி ஏன் இவ்வளவு மெதுவா ஏறுது?"

"கேட் வால்வு பாதிதான சார் தெறந்திருக்கு."

"ஏன் பாதி?"

"முழுசாத் தெறந்தா மேல ஜாயிண்ட்டு பிச்சுக்கிட்டு அடிக்கும். சைக்கிள் டியூப் வச்சுச் சுத்தியிருக்கேன். ரெண்டு வருசமாச்சு."

"ரெண்டு வருஷமாவா? ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"நீங்க கேக்கலயே சார். நீங்க பல்பத்தான கேட்டீங்க."

 கோவில்பட்டியில் போய் ரப்பர் பாக்கிங்கும் புதுப் போல்ட்டுகளும் வாங்கிவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் ஏணியில் ஏறி, சைக்கிள் டியூபை அறுத்தெறிந்து, ஜாயிண்ட்டைப் பிரித்து மாட்டினோம். டப்பாவின் கயிற்றையும் கப்பியில் இருந்து அவிழ்த்துவிட்டேன். திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு மோட்டாரைப் போட்டு, வால்வை முழுசாகத் திறந்தார் சூசை. குழாயை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டே நின்றார். சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஏழேகாலுக்குத் தொட்டி நிறைந்தது. எட்டு மணிவரை வழிந்தது. நாலு மணி நேரம் ஓடிய மோட்டார் இரண்டே முக்கால் மணி நேரத்தில் பள்ளிக்கும் ஊருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டது. என் டப்பா மிச்சம் பிடித்ததைவிட அந்தச் சைக்கிள் டியூபை அவிழ்த்தது அதிகம் மிச்சம் பிடித்தது.

மூன்றாம் மாத ரீடிங்கில் நாலில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்திருந்தது. படிப்புக் கூடத்தில் விளக்கு எரிந்தது. முட்டையும் அவிந்தது.

7. பதிவேடு

ஒன்று பாக்கி. டப்பா என்று ஒன்று இருப்பது இப்போது ஊருக்கே தெரியும். மாதம் ஒருமுறை கமிட்டிக்காரர்கள் வந்து பதிவேட்டைப் பார்ப்பார்கள். டப்பா இருந்தால் தொட்டி ஏன் வழிகிறது என்பார்கள்.

"ஃப்ளோட்டு ரிப்பேர்னு எழுதுங்க," என்றார் ஃபாதர்.

"அது நல்லா வேலை செய்யுது ஃபாதர்."

"அதுதான பிரச்சினை."

எடைக்கல்லைக் கழற்றி லேபில் வைத்தேன். பதிவேட்டில் எழுதினேன்: "மிதவை சுவிட்ச் பழுது. விரைவில் சரிசெய்யப்படும்." அடுத்த மாதமும் எழுதினேன். அதற்கடுத்த மாதமும். நான் அந்தப் பள்ளியில் இருந்த எட்டு வருஷமும் எழுதினேன். வாழ்நாளில் என் கையால் செய்த பொருட்களில் ஒரு குறையும் இல்லாதது அது ஒன்றுதான். அதைத்தான் மாதாமாதம் பழுது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒருமுறை கமிட்டியில் ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "பிசிக்ஸ் வாத்தியார் செஞ்சதுதான? அஞ்சு வருசமா இன்னுமா சரிபண்ண முடியல?"

"பாகம் கிடைக்கல ஐயா," என்றேன்.

"என்ன பாகம்?"

 வாசலில் நின்ற சூசை அண்ணாச்சி, "அது சீமைல இருந்து வரணும் ஐயா," என்றார். ஃபாதர் ஜன்னல் வழியாக மாதா கெபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த இளக்காரத்தை இன்றும் தோளில் இருந்து தட்டிவிட முடியவில்லை.

இப்போது பள்ளிகளில் சிக்கனக் குழு என்று இளம் ஆசிரியர்களைப் போடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற பல்பை விட்டுவிட்டு, சத்தம் வருகிற பக்கம் போங்கள். பம்பு ஓட்டுகிறவரிடம் முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். வீண் என்று ஒன்றை அடைக்குமுன் அந்தக் குழாயின் மறுமுனை வரை நடந்துபோய்ப் பாருங்கள். எங்கள் பள்ளியில் அது ஐந்து நிமிட நடை.

அந்த ஐந்து நிமிடத்தை நான் நடக்கவில்லை. அதற்காக எட்டு வருஷம் மாதம் ஒரு பொய் எழுதினேன். அந்தப் பள்ளியில் சலித்துக்கொள்ளாமல் நான் செய்த வேலை அது ஒன்றுதான்.